சூலம் போல் பிரிந்த வழியும் பேத்தியின் ஓட்டமும்

சிலப்பதிகாரம் படித்தவர்களுக்குக் கொடும்பாளூர் புதிய ஊர் அல்ல. மதுரைக்குப் போகும் கோவலனுக்கு ஒரு மறையவர் வழி சொல்கிறார். கொடும்பையின் பெரிய குளக்கரையை அடைந்தால், பாதை சிவபெருமானின் சூலம் போல மூன்றாகப் பிரியும் என்கிறார். வலப்பக்கம் சிறுமலை தெரியும் வழி, இடப்பக்கம் திருமால்குன்றத்து வழி, நடுவில் ஊர்கள் உள்ள வழி. எந்த வழியில் என்ன இடர் என்பதையும் சொல்லிவிடுகிறார். காகிதம் இல்லாமல் ஒரே உவமையில் வரைந்த வரைபடம்! மூவர் கோயில் பார்க்க வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். கோயிலைக் கட்டிய பூதி விக்கிரமகேசரி கதை அதற்குப் பிறகுதான்.

மறையவர் சொன்னது பாதையை. நடப்பவனின் காலே தன் கணக்கை எழுதும்படி செய்தவர் எத்தியேன் ழூல் மரே என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர். (நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்தப் பெயர்கள் இன்னும் நாவில் நிற்கின்றன.) 1873-இல் வந்த அவருடைய 'லா மஷீன் அனிமால்' நூலில் ஓர் ஓட்டக்காரரின் படம் உண்டு. செருப்பின் அடியில் காற்றறை. அதிலிருந்து ரப்பர் குழாய். கையில் ஒரு சிறு பதிவுக் கருவி. பாதம் தரையை அழுத்தும்போதெல்லாம் முள் உயர்ந்து, புகைக்கரி பூசிய தாளில் கோடு கீறும். நடக்கும்போது ஒரு காலாவது தரையில் இருக்கும், ஓடும்போது இரண்டும் அந்தரத்தில் நிற்கும் கணம் உண்டு. அந்தக் கோட்டைப் பார்த்தாலே இது புரிந்துவிடும்.

இன்று அந்த வேலையைக் கைக்கடிகாரம் செய்கிறது. செயற்கைக்கோள் குறிப்புகளில் வேண்டுமென்றே சேர்த்திருந்த பிழையை அமெரிக்கா 2000 மே 1 அன்று நீக்கியது. சாதாரண மனிதனும் தான் நிற்கும் இடத்தைச் சில மீட்டருக்குள் அறிய முடிந்தது அதன் பிறகுதான். விடுமுறைக்கு வந்த என் பேத்தி விடியற்காலையில் ஓடிவிட்டு, அந்தப் பதிவுக் கோப்பைக் கணினியின் பிரவுசரில் இழுத்துப் போட்டாள். ஊர் வரைபடத்தின் மேல் கோடு விழுந்தது. வேகமாக ஓடிய இடம் ஒரு நிறம், மூச்சு வாங்கிய இடம் வேறு நிறம். கீழே மேடு பள்ளம். தனியாக மென்பொருள் எதுவும் ஏற்றவில்லை.

எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கோடு எங்கள் வீட்டு வாசலில் தொடங்கி வாசலிலேயே முடிந்திருந்தது. கூடவே தேதி, நேரம். அதைத் தோழிகளுக்கெல்லாம் அனுப்பப் போவதாகச் சொன்னாள்.

அவளை உட்கார வைத்து இரண்டு செய்திகள் சொன்னேன். 2017 நவம்பரில் ஸ்ட்ராவா நிறுவனம் உலகெங்கும் மக்கள் ஓடிய தடங்களை ஒரே படமாக வெளியிட்டது. அடுத்த ஜனவரியில், பாலைவனத்தில் ஒளிர்ந்த வட்டங்கள் படைமுகாம்களின் சுற்றுப்பாதைகள் என்று ஓர் ஆஸ்திரேலிய மாணவர் சுட்டிக்காட்டினார். 2024 அக்டோபரில், மெய்க்காவலர்களின் ஓட்டப் பதிவுகளை வைத்தே பிரெஞ்சு அதிபர் மக்ரோன் போன்றவர்கள் தங்கும் இடங்களை அறிய முடிவதை 'லெ மோந்த்' நாளிதழ் காட்டியது. ஆயுதம் தாங்கிய காவலர்களுக்கே இந்தக் கதி என்றால், இருட்டில் தனியாக ஓடும் பெண்பிள்ளைக்கு?

"தாத்தா, பயமுறுத்தாதீங்க" என்றாள். ஆனாலும் கோப்பின் முதலிலும் கடைசியிலும் அரை கிலோமீட்டரை வெட்டி, நேரக்குறிப்பையும் நீக்கிவிட்டுத்தான் அனுப்பினாள்.