புரூஜ், 1127: புதுப் பிரபுவும் ஒரு சுங்க வரியும்

கற்பனை நாவல்களிலும் வீடியோ கேம்களிலும் ஒரு டெம்ப்ளேட் உண்டு. ஒரு சின்ன நாடு, அதற்கொரு தலைநகர். நல்ல பிரபுவைச் சதி செய்து கொன்றுவிடுகிறார்கள். வாரிசு கிடையாது. வெளியிலிருந்து ஒரு இளைஞன் வந்து பதவி ஏற்கிறான். ஊரே கை தட்டுகிறது, கதை முடிஞ்சது. கை தட்டி முடித்த அடுத்த மாசம் அந்த ஊரில் என்ன ஆச்சு என்று யாரும் சொல்வதில்லை.

நிஜத்திலேயே இப்படி நடந்த ஒரு ஊர் இருக்கிறது. அங்கே ஒருத்தர் அடுத்த மாசம், அதற்கடுத்த மாசம் என்று கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம் நடந்ததைத் தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறார். ஊர் புரூஜ், இன்றைய பெல்ஜியத்தில் இருக்கிறது. குறித்து வைத்தவர் பெயர் கல்பர்ட்.

அன்றைக்குப் புரூஜ், பிளாண்டர்ஸ் என்ற கவுன்ட்டியின் முக்கிய நகரம். கவுன்ட்டி என்றால் ஒரு கவுன்ட் ஆளும் பகுதி. (நம்மூர் கவுண்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இனி ‘பிரபு’ என்றே எழுதுகிறேன்.) பிளாண்டர்ஸ் பிரபு பேருக்குப் பிரெஞ்சு ராஜாவுக்குக் கீழே இருந்தாலும், நடைமுறையில் ஒரு குட்டி ராஜாதான். கம்பளித் துணி நெய்து விற்றுப் பணக்காரர்களான நகரங்கள் அவர் கையில். துணிக்கு வேண்டிய கம்பளி பெரும்பாலும் கடல் தாண்டி இங்கிலாந்திலிருந்து வந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கல்பர்ட் வரலாற்றாசிரியர் இல்லை. பிரபுவின் நிர்வாகத்தில் வேலை பார்த்த எழுத்தர். நம்ம பாஷையில் சொன்னால் ரெவின்யூ ஆபீஸ் ஆள். ஊரில் கலவரம் வெடித்ததும், கிடைக்கிற நேரத்தில் மெழுகு பூசிய பலகையில் குறிப்பு எடுத்துக்கொண்டு, கொஞ்சம் அமைதியான பிறகு அதை விரிவாக எழுதினார். யாரும் எழுதச் சொல்லவில்லை. மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும். எல்லாம் முடிந்த பிறகு சாவகாசமாக எழுதுகிற அறிக்கை வேறு, சம்பவம் நடக்கும்போதே பதிவாகிற லாக் வேறு. முன்னதில் எல்லாம் ‘அப்பவே தெரியும்’ என்கிற மாதிரி இருக்கும். பின்னதில் அடுத்து என்ன நடக்கும் என்று எழுதுகிறவருக்கே தெரியாது.

முதலில் கொலை. பிரபுவின் பெயர் சார்லஸ். டென்மார்க் ராஜா நான்காம் கனூட்டின் மகன். (கனூட்டையும் 1086இல் ஒரு தேவாலயத்துக்குள் வைத்துத்தான் கொன்றார்கள்.) 1124-25இல் பிளாண்டர்ஸில் கடும் பஞ்சம். சார்லஸ் ஓட்ஸில் ரொட்டி சுடச் சொன்னார், பீர் காய்ச்சத் தடை போட்டார், சீக்கிரம் விளையும் பட்டாணியும் பீன்ஸும் விதைக்க உத்தரவிட்டார். ஏழைகளுக்குத் தினமும் சாப்பாடு போட்டார். நல்ல பெயர் எடுத்தார்.

அதே ஊரில் எரெம்பால்ட் என்று ஒரு பெரிய குடும்பம். அதன் தலைவர் பெர்டுல்ஃப், புரூஜின் புனித டொனேஷியன் தேவாலயத்துக்குத் தலைவர். அந்தப் பதவியோடு கவுன்ட்டியின் தலைமை நிர்வாகப் பொறுப்பும் சேர்ந்தே வரும். கோட்டைப் பொறுப்பும் அவர்கள் சொந்தத்தில்தான். இவ்வளவு செல்வாக்கான குடும்பத்துக்கு ஒரு ரகசியம் இருந்தது. பரம்பரையாகப் பார்த்தால் அவர்கள் பிரபுவின் பண்ணையடிமைகள் என்ற பேச்சு. குடும்பத்துப் பெண்ணைக் கட்டிய ஒரு வீரர் வேறொருவரைச் சண்டைக்கு அழைக்க, ‘சுதந்திரமில்லாத குடும்பத்தில் பெண் எடுத்தவனோடு எனக்கென்ன சண்டை’ என்கிற பாணியில் எதிராளி மறுத்துவிட்டார். விஷயம் பொதுவில் வந்துவிட்டது. சார்லஸ் விசாரணையை ஆரம்பித்தார். முடிவு பாதகமாக வந்தால் பதவி, சொத்து, மரியாதை எல்லாமே போகும். போதாததற்கு, பெர்டுல்ஃபின் அண்ணன் மகன் போர்சியார்ட் எதிரி ஒருவரின் நிலங்களைச் சூறையாடியதற்குத் தண்டனையாக, பிரபு அவன் வீட்டையும் எரிக்க வைத்தார்.

1127 மார்ச் 2, புதன்கிழமை. ஒரு ஈட்டி நீளத்துக்கு மேல் கண் தெரியாத பனிமூட்டம் என்கிறார் கல்பர்ட். தேவாலயத்தில் ஜெபம் செய்தபடியே ஏழைகளுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்த சார்லஸைப் போர்சியார்ட் கும்பல் வெட்டிச் சாய்த்தது. ஈப்ர ஊர்ச் சந்தையில் இருந்த வெளிநாட்டு வியாபாரிகள் செய்தி கேட்டதும் சரக்கோடு ஓட்டம் பிடித்தார்கள். இரண்டே நாளில் லண்டன் வரை செய்தி போய்விட்டது என்று கல்பர்ட் ஆச்சரியப்படுகிறார். வியாபாரம் ஓடுகிற பாதையில்தானே செய்தியும் ஓடும்!

கொலைகாரர்கள் முதலில் கோட்டைக்குள்ளும், பிறகு தேவாலயத்துக்குள்ளும், கடைசியில் அதன் கோபுரத்துக்குள்ளும் ஒதுங்கி, ஏப்ரல் 19இல் சரணடைந்தார்கள். மே 5இல் 28 பேரை ஒவ்வொருவராக உயரத்திலிருந்து தள்ளிக் கொன்றார்கள். கல்பர்ட் இங்கே ஒரு பழைய கதையை இழுக்கிறார். குடும்பத்தின் மூதாதை எரெம்பால்ட், தன் எஜமானரைப் படகிலிருந்து ஷெல்ட் ஆற்றில் தள்ளிவிட்டு, அவர் மனைவியையும் பதவியையும் எடுத்துக்கொண்டவராம். தள்ளிவிட்டவன் வம்சம் தள்ளப்பட்டே செத்தது என்பது அவர் கணக்கு.

இதுவரைக்கும் நாவல். இனிமேல்தான் விஷயமே.

சார்லஸுக்குப் பிள்ளை இல்லை. உரிமை கோரிப் பலபேர். பிரெஞ்சு ராஜா ஆறாம் லூயி நேரில் வந்து ஒருவரை முன்னிறுத்தினார். வில்லியம் கிளிட்டோ, இருபத்து நான்கு வயது இளைஞர். இங்கிலாந்தை ஜெயித்த வில்லியமின் பேரன். ஆனால் சித்தப்பா முதலாம் ஹென்றி, கிளிட்டோவின் அப்பாவைச் சிறையில் போட்டு நார்மண்டியைப் பிடுங்கிக்கொண்டவர். ஹென்றியோ லூயிக்குப் பகையாளி. ஆக, ஹென்றிக்கு ஒரு தலைவலியைப் பக்கத்திலேயே உட்கார வைப்பதுதான் லூயியின் திட்டம்.

ஏப்ரல் 5இல் கிளிட்டோ புரூஜுக்குள் வந்தார். மறுநாள் ஊருக்கு வெளியே திறந்த வெளியில், புனிதர்களின் எச்சங்கள் மேல் கை வைத்துச் சத்தியம். நகர மக்கள் இனிச் சுங்கம் கட்ட வேண்டாம். வீட்டு மனைக்கான வரியும் வேண்டாம். அதற்கு மேலே, தங்கள் ஊர் வழக்கச் சட்டங்களை அன்றாடம் தாங்களே திருத்திக்கொள்ளலாம். மூன்றாவது சலுகையைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 900 வருஷம் முன்னால் ஒரு ஊருக்கு எடிட் பர்மிஷன்!

அதற்குப் பிறகு பிரபுக்கு விசுவாசம் தெரிவிக்கும் சடங்கு. ‘என் ஆளாக இருக்கச் சம்மதமா’ என்று பிரபு கேட்க, சம்மதம் என்று சொல்லிக் கைகளைக் கூப்பி அவர் கைகளுக்குள் வைப்பது, முத்தம், சத்தியம், கடைசியில் பிரபு தன் கையிலுள்ள கோலால் மானியத்தை வழங்குவது. நிலமானிய முறை பற்றிய பாடப்புத்தகங்களில் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டப்படும் வர்ணனை இந்தக் கல்பர்ட் எழுதியதுதான்.

எல்லாம் சுபம் மாதிரி இருக்கிறது, இல்லையா? பிரச்சினை அந்தச் சுங்கத்தில் இருந்தது.

புரூஜில் வசூலாகும் சுங்கம் முழுக்கப் பிரபுவின் பெட்டிக்குப் போகவில்லை. முந்தைய பிரபுக்கள் அந்த வருமானத்தைச் சில வீரர்களுக்கு மானியமாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர்களுக்கு அதுதான் சம்பளம் மாதிரி. ‘எங்களுக்குச் சேர வேண்டியதை எங்களைக் கேட்காமல் எப்படி விட்டுக்கொடுத்தீர்கள்? அந்த உரிமை உங்களுக்கே கிடையாதே’ என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நகரத்தாரோ, ‘சத்தியம் செய்தது நீங்கள்தானே’ என்றார்கள். அதுவும் நியாயம். சில மாதங்களில் கிளிட்டோ சுங்கத்தைத் திரும்பக் கேட்கும் நிலைக்கு வந்தார்.

இந்த இடத்தில்தான் கல்பர்டின் குறிப்பு எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இது ‘வாக்குத் தவறிய கெட்ட பிரபு’ கதை. வருவாய்த்துறை ஆளான கல்பர்ட்டுக்கு யார் பணம் யாருக்குப் போகிறது என்பது தெரியும். அதனால் அவர் குறிப்பில் கிளிட்டோவின் கஷ்டமும் தெரிகிறது. ஒரே வருமானத்தை இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. ஒருவருக்கு முன்னோர் கொடுத்த வாக்கு, இன்னொருவருக்கு இவரே கொடுத்தது. யாருக்குக் கொடுத்தாலும் இன்னொருவருக்குத் துரோகி. பதவிக்கு வருகிற அவசரத்தில், தன் கையில் இல்லாததை அள்ளிக் கொடுத்ததன் விளைவு.

கஜானாவில் பணமில்லாத ஆட்சியாளர் அடுத்து என்ன செய்வார்? அபராதம் போடுவார். 1127 ஆகஸ்ட் 1, லீல் நகரத்துச் சந்தையில் தன்னுடைய அடிமை ஒருவனைப் பிடிக்கச் சொன்னார். நகரம் ஆயுதம் எடுத்தது. அடக்கிவிட்டு 1,400 மார்க் வெள்ளி அபராதம். 1128 பிப்ரவரியில் செயின்ட் ஓமர் நகரத்துக்கு 600 மார்க். ஒவ்வொரு அபராதமும் ஒரு நகரத்தை எதிரியாக்கியது. இதற்கிடையில் இங்கிலாந்திலிருந்து ஹென்றி, அண்ணன் மகனின் எதிரிகளுக்குப் பணமும் ஆதரவும் கொடுத்துக்கொண்டிருந்தார். கிளிட்டோ பிரபுவாக இருக்கும்வரை இங்கிலாந்தோடு வியாபாரம் நடக்காது என்பது நகரத்தாரின் புலம்பல். கம்பளி வராமல் தறி எப்படி ஓடும்?

1128 பிப்ரவரி 16, கெண்ட் நகரம். ஆல்ஸ்ட் ஊரைச் சேர்ந்த இவான் என்ற பிரமுகர், மக்கள் சார்பாகப் பிரபுவின் முகத்துக்கு நேராகப் பேசினார். சாராம்சம் இதுதான். நீங்கள் சத்தியத்தை மீறிவிட்டீர்கள். ஈப்ரவில் ஒரு சபை கூட்டுவோம். பிரமுகர்கள், குருமார்கள், மக்களில் விவரமானவர்கள், இரு தரப்பிலிருந்தும் ஆயுதமில்லாமல் வரட்டும். நீங்கள் நேர்மையாக ஆளத் தகுந்தவர் என்று சபை சொன்னால் தொடருங்கள். இல்லையென்றால் விலகுங்கள், தகுதியான ஒருவரைத் தேடிக்கொள்கிறோம்.

இங்கிலாந்தின் மாக்னா கார்ட்டா 1215. அதற்கு 87 வருஷம் முன்னால் நடந்த பேச்சு இது. கிளிட்டோ அங்கேயே இவானைத் தனிச் சண்டைக்குக் கூப்பிட்டார். குறித்த நாளில் சபைக்கு ஆயுதம் தாங்கிய கூட்டத்தோடு போனார். சபை நடக்கவில்லை.

மார்ச் மாதக் கடைசியில் புரூஜ், சார்லஸின் உறவினரான அல்சேஸ் தியரியைப் புதுப் பிரபுவாக ஏற்றுக்கொண்டது. லூயி தலையிட்டபோது, பிளாண்டர்ஸுக்குப் பிரபுவைத் தேர்ந்தெடுப்பதில் பிரெஞ்சு ராஜாவுக்கு ஒரு வேலையும் இல்லை என்று நகரத்தார் பதில் சொன்னதாகக் கல்பர்ட் எழுதுகிறார். முந்தின வருஷம் அதே ராஜா கை காட்டியவரை ஏற்றுக்கொண்ட அதே நகரத்தார்!

ஜூன் 21இல் ஆக்ஸ்போல் என்ற இடத்தில் சண்டை. ஜெயித்தது கிளிட்டோ. கல்பர்ட் குழம்பிப் போகிறார். புரூஜ் குருமார்கள் கிளிட்டோவைத் திருச்சபையிலிருந்தே விலக்கி வைத்திருந்தார்கள், அப்புறம் எப்படி அவர் ஜெயித்தார்? கடவுள் யார் பக்கம்? சத்தியத்தை மீறிய பிரபு பக்கமா, சத்தியம் செய்த பிரபுவைக் கைவிட்ட மக்கள் பக்கமா? பக்கத்துக்குப் பக்கம் அவர் நிலைப்பாடு ஆடுகிறது. தியரிக்குத்தான் பரம்பரை உரிமை என்கிறார், ஊர் மக்களும் குற்றவாளிகள்தான் என்கிறார். ஜூலைக் கடைசியில் ஆல்ஸ்ட் முற்றுகையில் பட்ட காயத்தால் கிளிட்டோ இறந்துபோக, குழப்பம் முடிந்தது. தியரி 1168 வரை நாற்பது வருஷம் ஆண்டார். அவர்தான் எல்லாப் புத்தகங்களிலும் சட்டப்படியான பிரபு.

ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ஆல்ஸ்டில் அந்தக் காயம் படாமல் போயிருந்தால்? ஜூன் மாதச் சண்டையில் ஜெயித்தவர் கிளிட்டோ. அவர் நிலைத்திருந்தால், இவானின் பேச்சு ‘துரோகியின் பிதற்றல்’ என்று பதிவாகியிருக்கும், அல்லது பதிவே ஆகாமல் போயிருக்கும். கல்பர்ட் அந்தப் பேச்சை எழுதியபோது யார் ஜெயிப்பார் என்று அவருக்குத் தெரியாது. அதனால்தான் சுங்கம் இழந்த வீரர்களின் நியாயமும், சத்தியத்தை நம்பிய நகரத்தாரின் நியாயமும், நடுவில் மாட்டிய இளைஞனின் நிலைமையும் ஒரே புத்தகத்தில் நமக்குக் கிடைக்கின்றன. ஜெயித்தவருக்காகப் பிறகு எழுதிய புத்தகமாக இருந்தால், இந்த மூன்றில் இரண்டு காணாமல் போயிருக்கும்.

கொலை நடந்த தேவாலயத்தை 1799இல் இடித்துவிட்டார்கள். புரூஜ் போகிறவர்கள் பர்க் சதுக்கத்தில் நின்றால், கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். பக்கத்தில் எங்கேயோ ஒரு ரெவின்யூ ஆபீஸ் எழுத்தர், கலவரச் சத்தத்துக்கு நடுவில், மெழுகுப் பலகையில் அன்றைய தேதியைக் கீறிக்கொண்டிருந்திருக்கிறார்.