கோலார் தங்கவயல்: சேரி தோண்டிய நகரம்

கே.ஜி.எஃப். என்றால் இன்று பெரும்பாலான இளைஞர்களுக்கு ஞாபகம் வருவது ஒரு சினிமா. துப்பாக்கி, புழுதி, தனியொரு நாயகன், அடிமைக் கூட்டம். படம் பார்த்துவிட்டு எங்களிடம் வந்த மாணவர்கள் கேட்டார்கள், "அந்த ஜனங்க நிஜத்துல யாருங்க?" அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

அந்த ஜனங்கள் பெரும்பாலும் நாம்தான். வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கத்துச் சேரிகளிலிருந்து போனவர்கள். பஞ்சமர், ஆதிதிராவிடர் என்று அரசுப் பதிவேடுகள் குறித்துவைத்த மக்கள்.

கோலாரில் தங்கம் இருப்பது வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது அல்ல. 1802-இல் ஜான் வாரன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி அங்கே போனபோது, ஊர் மக்கள் மண்ணை அலசித் தங்கம் எடுப்பதைப் பார்த்துத்தான் அறிக்கை எழுதினார். எழுதியவர் பெயர் வரலாற்றில் நின்றது. மண்ணை அலசிக் காட்டியவர்கள் பெயர் நிற்கவில்லை. 1880-இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்தபிறகு பெரிய அளவில் சுரங்கம் தொடங்கியது. மைசூர் மைன், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க் எனக் குழிகள் இறங்கின.

எதற்காக நம் ஆட்கள் போனார்கள்? 1876-78 தாது வருசப் பஞ்சம் ஊரைச் சூறையாடி முடித்திருந்த காலம். பண்ணையில் படியாளாகக் கிடந்தவனுக்குக் காசாகக் கூலி என்பதே புதுச் செய்தி. ஆண்டையின் கண்ணில் படாத இடம் பூமிக்கு அடியில் இருந்தாலும் பரவாயில்லை என்று கிளம்பினார்கள். மேஸ்திரிகள் அழைத்துப் போனார்கள்.

ஆனால் சாதி ஊரோடு நின்றுவிடவில்லை. சுரங்கத்தில் யாருக்கு எந்த வேலை என்று பாருங்கள். மேலதிகாரிகள் ஆங்கிலேயர்கள். ஆழத்தில் மேற்பார்வைக்கு இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்தவர்களும் இத்தாலியர்களும். காவலுக்குப் பஞ்சாபிகள். பாறையை உடைத்துச் சுமந்தவர்கள் தலித்துகள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். அழுத்தம் தாங்காமல் பாறை தானே வெடித்துச் சிதறும். தப்பித்தவர்களின் நெஞ்சில் கல்தூசி படிந்து சிலிகோசிஸ் ஆனது.

1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்துச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் தெருக்களுக்கே 1905-இல்தான் மின்விளக்கு. அந்த மின்சாரம் முதலில் போனது இயந்திரங்களுக்கும் துரைமார் பங்களாக்களுக்கும். கிளப், கோல்ஃப் மைதானம் எல்லாம் இருந்ததால் இதைக் 'குட்டி இங்கிலாந்து' என்று இன்றும் பெருமையாக எழுதுகிறார்கள். லைன் வீடுகளில் இருந்து பார்த்தால் அது எந்த இங்கிலாந்து?

தோழர்களே, இதைத் துயரக் கதையாக மட்டும் படித்தால் பாதி வரலாறுதான் கிடைக்கும். மீதிப் பாதி, அந்தக் கூலியை வைத்து நம் மக்கள் என்ன செய்தார்கள் என்பது.

அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கைய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. சுரங்கத் தொழிலாளிகள் சந்தா கட்டி நடத்திய இயக்கம் அது. 1907-இல் சென்னையில் அவர் தொடங்கிய 'தமிழன்' இதழ் பின்னாளில் நின்றுபோனபோது, 1926-இல் கோ. அப்பாதுரையார் அதைத் தங்கவயலிலிருந்து மீண்டும் கொண்டுவந்தார். சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளை நூல்களாக அச்சிட்டது. இன்று நாம் அயோத்திதாசரைப் படிக்கிறோம் என்றால், ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் கொடுத்த காசும் அதில் இருக்கிறது.

போராட்டமும் அப்படித்தான். 1930-இல் தொழிலாளிகளிடம் கைரேகை பதியச் சொன்னது நிர்வாகம். தங்கம் திருடுவான் என்ற சந்தேகத்தில் ஏற்கெனவே உடலைச் சோதித்தவர்கள், இப்போது குற்றவாளியைப் போல ரேகையும் கேட்டார்கள். சுரங்கமே நின்றது. கூலிக்காக மட்டும் நடந்த வேலைநிறுத்தம் அல்ல அது, மானத்துக்காக நடந்தது. 1946 நவம்பர் 4 அன்று போலீஸ் தாக்குதலில் 6 தொழிலாளிகள் உயிரிழந்தார்கள். அந்தத் தியாகிகள் நாள் இன்றும் அங்கே நினைவுகூரப்படுகிறது. சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியக் குடியரசுக் கட்சியின் சி.எம். ஆறுமுகம் இங்கிருந்து கர்நாடகச் சட்டமன்றத்துக்குப் போனார்.

1956-இல் சுரங்கங்கள் அரசுடைமை ஆயின. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்தபின், நஷ்டம் என்று சொல்லி 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடினார்கள். சங்கு ஊதுவது நின்றது.

நாங்கள் போயிருந்தபோது லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: "தாத்தா தோண்டுனாரு, அப்பா தோண்டுனாரு, நானும் தோண்டுனேன். எங்க வூட்ல ஒரு குந்துமணி தங்கம் கெடையாது தம்பி." அவர் பேரன் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறான், இரவு திரும்புகிறான். தங்கவயலின் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் நிலை இதுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உலகின் ஆழமான சுரங்கங்களில் ஒன்றைத் தோண்டிய ஊரில், 1965-இல் நியூட்ரினோ துகளைப் பதிவுசெய்த விஞ்ஞானிகள் இறங்கி வேலை செய்த ஊரில், தொழிலாளர் குடியிருப்புகளுக்கு உலர் கழிப்பிடம்தான். 2011-இல் கழிவுக் குழியில் இறங்கிய மூன்று பேர் அங்கே இறந்தார்கள். தங்கம் எடுக்க ஆழத்தில் இறக்கிய சாதியைத்தான் மலம் எடுக்கவும் இறக்கியது இந்தச் சமூகம். சுரங்கம் மூடப்பட்டது, அந்த வேலைப் பிரிவினை மூடப்படவில்லை.

இப்போது சைனைடு மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுப்பது பற்றிப் பேசுகிறார்கள். மண்ணில் மிச்சமிருப்பதை அளந்து கணக்கு வைத்திருக்கிறார்கள். நுரையீரலில் மிச்சமிருக்கும் தூசிக்கும், லைன் வீடுகளின் உரிமைக்கும் கணக்கு எங்கே என்று கேட்க வேண்டியது நாம்.

படிக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். சுரங்கத்தில் இறங்கிய கடைசித் தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. அவர்களில் பலருக்கு எழுபது தாண்டிவிட்டது. உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ தங்கவயலுக்குப் போனவர்கள் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஊர் பெயர், எந்தக் குழி, என்ன கூலி, யார் செத்தார்கள் என்று எழுதிவையுங்கள். இதை நாம் எழுதாவிட்டால் சினிமாக்காரர்கள் எழுதுவார்கள். அதில் நாம் பெயரில்லாத கூட்டமாகத்தான் இருப்போம்.

ஜெய்பீம்!