கூலி: ஒரு சொல்லின் கடற்பயணம்

பாகான் செராயைச் சூழ்ந்த கிரியான் மாவட்டத்தில், இரப்பர் பரவுவதற்கு முன்னர், கரும்பே பெரும்பயிராக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அக்கரும்புத் தோட்டங்களிற் சீனரும் உழைத்தனர், தமிழரும் உழைத்தனர். ஒருவர் மொழி மற்றவர்க்குப் புரியாது. ஆயினும் துரைமார் இருசாராரையும் அழைத்த பெயர் ஒன்றே: கூலி. ஆங்கில அகராதியில் ஏறிவிட்ட இச்சொல் தமிழா, சீனமா?

சீனர் தம்முடையது என எண்ணுவதற்குத் தக்க காரணம் உண்டு. அவர்கள் மொழியில் 'கூ' என்றால் கசப்பு, துன்பம். 'லி' என்றால் வலிமை. துன்புற்றுச் செலவிடும் உடல்வலிமை என்று பொருள் இத்துணை அழகாகப் பொருந்தும்போது, அயற்சொல் என்று எவர்தாம் ஐயுறுவர்? ஆனால் சீன எழுத்து வெறும் ஒலிக்குறியன்று, பொருளும் உடையது. அயற்சொல்லை எழுதுவோர் ஒலியும் பொருளும் ஒருங்கே இசையும் எழுத்துகளைத் தேடுவதுண்டு. கோக்கா கோலா என்னும் பானத்தின் பெயரைக்கூட, வாய்க்கினியது, மகிழ்வூட்டுவது என்னும் பொருள்பட எழுதிவிட்டனர்! கூலியும் அவ்வாறு எழுதப்பட்டதே. 1847இல் அமோய்த் துறையிலிருந்து கியூபாவுக்கு ஆளேற்றிய கப்பல் புறப்பட்டது. மக்காவில் 1874இல் அவ்வாணிகம் நின்றது. அதற்கு நெடுங்காலம் முன்பே இந்தியாவில் ஐரோப்பியர் வாயில் இச்சொல் வழங்கியது.

இந்தியாவில் எம்மொழிச் சொல் என்பதிலும் வழக்குண்டு. யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட ஹாப்சன் ஜாப்சன் அகராதி, குஜராத்துப் பக்கத்துக் கோலி இனத்தாரின் பெயரையே மூலமாகக் கொள்ளச் சாய்கிறது. தமிழ், கன்னடக் கூலியே மூலம் என்ற வில்சனின் கருத்தையும் மறைக்காமல் எடுத்துரைக்கிறது. இரண்டும் அயலார் செவியிற் கலந்திருத்தல் கூடும். எவ்வாறாயினும், தமிழ்க்கூலி நேற்றுப் பிறந்ததன்று. தெலுங்கிலும் மலையாளத்திலும் அதற்கு உறவுண்டு. திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், மெய்வருந்தி முயன்றவன் பெறும் பயனுக்கே வள்ளுவர் இச்சொல்லை ஆள்கிறார்.

ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துக்காட்டத் தக்கது ஒன்றுண்டு. தமிழில் கூலி என்பது ஊதியம், மனிதன் அல்லன். மனிதனைச் சொல்லக் கூலியாள், கூலிக்காரன் என்றல் வேண்டும். ஆங்கிலத்திற்குப் போன வழியில் ஆள் உதிர்ந்துவிட்டான். கூலி மட்டும் எஞ்சிற்று. ஆகுபெயர் என இலக்கணத்தார் அமைதி கூறலாம். ஆனால் இந்த ஆகுபெயர் புண்படுத்தியது. 1893இல் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியடிகள் அங்கே 'கூலி பாரிஸ்டர்' எனப்பட்டார். தமிழர் பெயரின் ஈற்றில் வரும் 'சாமி'யும் அங்கு இழிபெயராயிற்று; அதற்குத் தலைவன் என்பதே பொருள் என அவர் தம் சுயசரிதையில் விளக்குகிறார்.

மலாயாவில் இந்தியருக்கான ஒப்பந்தக்கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. உடலுழைப்பாளரை உதவியளித்து இங்கு அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடுத்தது. 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் தோன்றியபோது, அதன் பெயரில் கூலி இடம்பெறவில்லை. தொழிலாளர் என்பதே நின்றது.