பொதுச் சபைகளிற் பெண்கள்: 1927 முதல் 2018 வரை

இலங்கையின் பொதுச் சபைகளிற் பெண்கள் பெற்ற இடத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் எண்ணிக்கையிலிருந்தே தொடங்குவர். எண்ணிக்கை முக்கியமானது, அதனை இகழ்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயின், ஆசனத்தில் அமர்ந்த பெண்ணை அங்கு அனுப்பியவர் யார், அவ்வாசனத்தைப் பறிக்கும் அதிகாரம் எவரிடமிருந்தது என்னும் வினாக்களை எழுப்பாத வரலாறு வெறும் பெயர்ப்பட்டியலாகவே முடிந்துவிடும்.

1927 டிசெம்பரிற் கொழும்பில் உருவாகிய பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உயர்வர்க்கப் பெண்களின் சங்கமே. அவ்வர்க்க எல்லையை ஒரு கணமேனும் மீறிய நிகழ்ச்சி டொனமூர் ஆணைக்குழுவின் முன்னிலையில் நடந்தது. தோட்டங்களில் வேலைசெய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமென்கிறீர்களா என்று டொனமூர் பிரபு வினவினார். அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற கருத்துப்பட அக்னஸ் டி சில்வா தயக்கமின்றி விடையளித்தார். அன்றைய அரசியற் தலைவர்களிற் பெரும்பாலோர் சர்வசன வாக்குரிமையையே விரும்பாதிருந்த காலம் அது. 1913 இல் மருதனார்மடத்திற் பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவிய சேர் பொன். இராமநாதனும் அதனைக் கடுமையாக எதிர்த்தார். இது முரண்போலத் தோன்றலாம். உடைமை வர்க்கத்தின் நோக்கில் இதில் முரணேதுமில்லை: பெண்ணின் கல்வி குடும்பத்தின் மதிப்பை உயர்த்துவது, வாக்கோ அதிகாரத்தைப் பங்கிடுவது.

ஆணைக்குழு பெண்களுக்கு 30 வயதென விதந்துரைத்தது. 1931 இல் ஆண், பெண் இருபாலாருக்கும் 21 வயதில் வாக்குரிமை கிடைத்தது. ஆனால் அக்னஸ் டி சில்வாவின் விடையிலிருந்த தோட்டப் பெண்ணுக்கு அது முழுமையாகக் கிட்டவில்லை. நிரந்தர வதிவிட நிபந்தனைகள் இந்தியத் தமிழரிற் பலரை வாக்காளர் இடாப்பிற்கு வெளியே நிறுத்தின. எஞ்சியதையும் 1948 இன் குடியுரிமைச் சட்டமும் 1949 இன் தேர்தற் திருத்தச் சட்டமும் பறித்தன. (நமது வரலாற்று நூல்கள் பெண் வாக்குரிமையை ஓர் அத்தியாயத்திலும் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பிறிதோர் அத்தியாயத்திலும் வைத்து, இரண்டும் ஒரே பெண்ணின் கதை என்பதை மறைத்துவிடுகின்றன.)

அரசாங்க சபைக்குள் நுழைந்த முதற் பெண்கள் இருவரும் குடும்ப வெற்றிடத்தின் வழியே நுழைந்தனர். 1931 நவம்பரில் ருவன்வெல்லவில் அடலின் மொலமூரே தந்தையாரின் மரணத்தாலும், 1932 இல் வடகொழும்பில் நேசம் சரவணமுத்து தேர்தல் மனுவிற் கணவர் பதவியிழந்ததாலும் போட்டியிட நேர்ந்தது. அவர்தம் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடுதல் தவறு. எனினும் ஆசனம் குடும்பச் சொத்தாகக் கருதப்பட்ட நிலையைக் காணாதிருத்தலும் இயலாது. 1937 இல் மருத்துவர் மேரி இரத்தினம் கொழும்பு மாநகர சபைக்கும், 1947 இல் சமசமாஜக் கட்சியின் புளோரன்ஸ் சேனநாயக்க பிரதிநிதிகள் சபைக்கும் தெரிவானமை வேறு வகையின. சமூகப் பணியும் கட்சிப் பணியும் அவற்றின் அடிப்படைகள். இவ்வகை பின்னர் பெருகவில்லை. 1960 இல் உலகின் முதற் பெண் பிரதமரைத் தந்த நாடு என்ற பெருமை, உள்ளூராட்சி மன்றங்களிற் பெண்கள் நூற்றுக்கு இருவராகக்கூட இல்லாத நிலையைப் பல தசாப்தங்கள் மூடிவைத்தது.

2016 இன் உள்ளூராட்சித் தேர்தற் திருத்தச் சட்டம் 25 வீத ஒதுக்கீட்டைக் கொணர்ந்தது. 2018 பெப்ரவரித் தேர்தலின்பின் பெண்களின் பங்கு ஐந்திலொன்றைத் தாண்டியது. ஒரே தேர்தலில் நிகழ்ந்த இம்மாற்றத்தைச் சாதனை எனத் தயங்காது கூறலாம். ஆனால் அதன் பொறிமுறையைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். 2017 இன் திருத்தம் வட்டார வேட்பாளரிற் பெண்களுக்கு 10 வீதத்தையே வேண்டியது. மேலதிகப் பட்டியலிலோ 50 வீதம். எனவே பெண்களிற் பெரும்பாலோர் பட்டியல் வழியே வந்தனர். பட்டியலிலிருந்து எவரை அனுப்புவதென்று தீர்மானிப்பவர் கட்சிச் செயலாளர். வட்டாரத்து மக்களிடம் வாக்குக் கேட்டு வென்றவர் அவர்களுக்குப் பொறுப்புடையவராகிறார். பட்டியலால் வந்தவர் செயலாளருக்கே கடமைப்படுகிறார். தந்தையும் கணவரும் இருந்த இடத்திற் கட்சி அமர்ந்தது. அரச கூட்டுத்தாபனங்களின் பணிப்பாளர் சபைகளை இச்சட்டம் தொடவுமில்லை. அங்கு நியமனம் பெரிதும் அமைச்சரின் கையில்.

தோட்டப் பெண்ணின் நிலை இவ்விடத்து மீண்டும் நோக்கத்தக்கது. தேயிலைக் கொழுந்து பறிப்போரிற் பெரும்பான்மையினர் பெண்களாயினும், மலையகத் தொழிற்சங்கங்களின் தலைமை நெடுங்காலமாக ஆண்களிடமே இருந்துவந்துள்ளது. அச்சங்கங்களே கட்சிகளாக வேட்பாளரையும் தெரிவுசெய்கின்றன. 25 வீதம் இத்தெரிவுமுறையின் வாசலில் நின்றுவிடுகிறது. அதனினும் அடிப்படையான தடையொன்றும் இருந்தது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளிற் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாய் நின்றது. 2018 பெப்ரவரியிற் சபைக்குத் தெரிவான மலையகப் பெண்ணொருத்தி, தான் வாழும் லயத்துக்குச் செல்லும் பாதையைச் செப்பனிடுமாறு கோரினால், அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்பதே விடையாயிருந்திருக்கும். அப்பிரிவு திருத்தப்பட்டது அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே.