நாட்டுப் பாடகர் வளர்த்த நத்தார்ப் பாட்டு

நத்தார் இரவிலே தமிழ்க் கோயில்களிலும் பாடப்பெறும் 'சைலன்ற் நைற்' என்னும் பாட்டு, ஜேர்மன் மொழியிற் பிறந்ததாகும். அதனை உலகுக்கு அளித்தோர் பெரும் புலவருமல்லர்; அரசவை இசைவாணருமல்லர். ஏழைக் குருவானவர் ஒருவர் எழுதினார். கிராமப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் இசையமைத்தார். நாட்டுப் பாடகர் அதனை ஊர் ஊராகக் கொண்டு சென்றனர்.

யோசப் மோர் என்னும் குருவானவர் 1816ஆம் ஆண்டிலே இக்கவிதையை இயற்றினார். நெப்போலியனின் போர்கள் முடிந்து ஓராண்டே கழிந்திருந்த காலம் அது. 1818ஆம் ஆண்டு டிசெம்பர் 24ஆம் நாள், ஒஸ்திரியாவின் சால்ஸ்பேர்க் நகருக்கு அண்மையிலுள்ள ஓபர்ன்டோர்ப் கோயிலிலே, ஆசிரியர் பிரான்ஸ் சேவியர் குரூபர் அமைத்த மெட்டில் இருவரும் அதனைப் பாடினர். மோர் கிற்றாரை மீட்டினார். ஓர்கனின் துருத்தியை எலி கடித்ததென வழங்கும் கதை பிற்காலத்தார் புனைந்ததே.

ஓர்கன் செப்பனிட வந்த கார்ல் மௌராகர் என்பவரே பாட்டின் பிரதியைத் திரோல் மலைநாட்டிலுள்ள தம் சில்லர்த்தால் பள்ளத்தாக்கிற்குக் கொண்டு சென்றாரென்பர். அங்கு கையுறை விற்றுப் பிழைத்த ஸ்ட்ராசர் குடும்பத்தார், 1830களின் தொடக்கத்திலே லைப்சிக் சந்தைக்குச் சென்றவிடத்து அதனைப் பாடினர். அப்பள்ளத்தாக்கினரான ரைனர் குழுவினர் 1839இல் நியூயோர்க் வரை அதனைக் கொண்டு சென்றனர்.

வாய்க்கு வாய் செல்கையிலே சில சுரங்கள் திரிந்தன. ஆடல் நடை பொருந்திய மெட்டு, காலப்போக்கில் மெல்லிய தாலாட்டாயிற்று. ஆக்கியோர் பெயரும் மறைந்தது. 'திரோல் நாட்டுப் பாடல்' என்றே அது அச்சேறிற்று. மெட்டு ஹைடனுடையதெனக் கருதினோரும் இருந்தனர். 1854இல் பேர்லின் அரச இசைக்குழுவினர் உண்மையை விசாரித்தபொழுது, முதிய குரூபர் டிசெம்பர் 30ஆம் நாள் வரலாற்றைச் சுருக்கமாக எழுதி வைத்தார். மோர் 1848இலேயே காலமாகிவிட்டார். அவருடைய கையெழுத்துப் பிரதியொன்று 1995இல் வெளிப்பட்டுக் கவிதையின் ஆண்டை உறுதிசெய்தது.

இவ்வரலாறு வன்னி மக்களுக்கு அந்நியமானதன்று. அரிவு வெட்டுக் காலத்திலே பாடப்பெற்ற பண்டிப் பள்ளு, குருவிப் பள்ளு ஆகியவையும் வாய்வழியே வளர்ந்தவையல்லவா? பாடுவோன் சொல்லை மாற்றுவான், இராகத்தை நீட்டுவான். அதனால் பாட்டு அழிவதில்லை, வாழ்கின்றது. ஆனால் பாடுவோர் சிதறிவிடின் அதன் கதி என்ன? 2009ஆம் ஆண்டுப் போரிலே உடையார்கட்டு முதலிய ஊர்களின் மக்கள் அனைத்தையும் விட்டுப் பெயர்ந்தனர். வீட்டையும் வயலையும் மீண்டும் திருத்தலாம். முதியோர் நெஞ்சில் இருந்த பாட்டு அவரோடு மறைந்தால் அதனை எங்கே தேடுவது?

நாட்டுப் பாடகர் இன்றேல் குரூபரின் மெட்டு அச்சிறு கோயிலோடு அடங்கியிருக்கும். குரூபர் எழுதி வையாவிடின் அவர் பெயரும் மோர் பெயரும் மறைந்திருக்கும். பாட்டு நிலைபெறப் பாடுகின்ற வாயும் வேண்டும். எழுதுகின்ற கையும் வேண்டும்.