சந்தா கட்டியவர்களும் வாக்குப் போட்டவர்களும்

பண்டாரவளை, அப்புத்தளை, பசறைத் தோட்டத்து மக்களின் விருப்பத்தைக் கட்சிகள் மதிக்கின்றனவா என்ற பேச்சு எழுந்தால் 2020 ஒக்டோபர் 22ஐத்தான் முதலில் காட்டுவார்கள். பதுளையில் எதிர்க்கட்சிப் பட்டியலில் வென்ற அ. அரவிந்தகுமார் அன்று அரசாங்கத்தின் 20ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குக் கை உயர்த்தினார். அவர் சார்ந்த தமிழ் முற்போக்குக் கூட்டணி அவரை இடைநிறுத்தியது. இதை ஒருவரின் கட்சித்தாவல் என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கோ இதன் வேர் 1949 வரை போவதாகப் படுகிறது.

1947 தேர்தலில் தோட்ட வாக்குக்குப் பல் இருந்தது. இரட்டை அங்கத்தவர் தொகுதியான பதுளையில் இலங்கை இந்தியன் காங்கிரசின் எஸ்.எம். சுப்பையாவும் இடதுசாரி ஜாக் கொத்தலாவலையும் வென்றார்கள். அந்தப் பல்லைப் பிடுங்கவே 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் திருத்தமும் வந்தன. கொடுமை என்னவென்றால், 1959இல் தொகுதி எல்லை வகுத்தபோது இச்சட்டங்களால் நாடற்றவர்களானோரின் தலைகளும் கணக்கில் சேர்ந்தன; அதனால் கிடைத்த கூடுதல் ஆசனங்களோ அயலில் வாக்குரிமை உள்ளவர்களுக்குப் போயின. தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் 1960இல் நியமன உறுப்பினராகவே பாராளுமன்றம் புகுந்தார். தொழிலாளி செய்ய முடிந்தது சங்கத்துக்குச் சந்தா கட்டுவது மட்டும். கொழும்பில் பேரம் பேசுவது தலைவரின் வேலை. வாக்கு இல்லாத காலத்தில் இதைத் தவிர வேறு வழி இருந்ததாகவும் தெரியவில்லை. ஆனால் வாக்கு திரும்பி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஆளுங்கட்சியோடு எப்போது, என்ன விலைக்குச் சேர்வது என்பதைத் தலைவரே தீர்மானித்தார்.

அந்தப் பேரம் இல்லாமல் குடியுரிமை கிடைத்திருக்குமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1978இல் தொண்டமான் அமைச்சரவைக்குள் போகாதிருந்தால் நாடற்றோருக்கான 1988ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வளவு எளிதில் வந்திருக்காது. ஆனால் குடியுரிமை விடயத்தில் தலைவருக்கும் தொழிலாளிக்கும் வேண்டியது ஒன்றே. சம்பளத்தில் அப்படியில்லை. 2015இலேயே எழுந்த 1000 ரூபாய் நாட்சம்பளக் கோரிக்கை, சங்கத் தலைவர்கள் மாறி மாறி அமைச்சர்களாக இருந்த ஆண்டுகளைத் தாண்டி, 2021 மார்ச்சில்தான், அதுவும் சம்பள நிர்ணய சபை வழியாக நிறைவேறியது. அரசாங்கத்தில் பங்காளியாக இருப்பவர் தெருவில் இறங்கி எவ்வளவு தூரம்தான் போவார்?

அடுத்த தேர்தலில் வாக்காளர் கணக்குத் தீர்த்துக்கொள்ளலாமே என்பது இன்னொரு வாதம். 2024 நவம்பர் 14இல் தீர்த்தார்கள்தான்: பதுளையின் 9 ஆசனங்களில் 6 தேசிய மக்கள் சக்திக்குப் போயின, மலையகத் தமிழர்களான அம்பிகா சாமுவேலும் கிட்ணன் செல்வராஜும் அதன் பட்டியலிலேயே வென்றார்கள். ஆனால் வாக்கு போன வழியில் சந்தா முழுதாகப் போய்விடவில்லை. சம்பள நிர்ணய சபையில் தொழிலாளர் பக்க நாற்காலிகள் சங்கங்களுக்கு உரியவை. அங்கே பழைய சங்கங்களின் பிடி இன்னும் தளரவில்லை.