ஸ்டீவ் பிரிஃபான்டைன்

ஸ்டீவ் பிரிஃபான்டைன் (ஜனவரி 25, 1951 - மே 30, 1975) அமெரிக்க நெடுந்தொலைவு ஓட்ட வீரர். ஓரிகன் பல்கலைக்கழக மாணவராக ஓடிப் புகழ்பெற்றவர். 24 வயதில் மறைந்தபோது 2,000 மீட்டர் முதல் 10,000 மீட்டர் வரையிலான ஏழு அமெரிக்கச் சாதனைகள் அவர் பெயரில் இருந்தன. விளையாட்டு வீரர்களின் உரிமைக்காக வெளிப்படையாகக் குரல் கொடுத்தவர்.

பிறப்பு, இளமை

அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஓரிகன் மாநிலத்தில் உள்ள கூஸ் பே என்னும் துறைமுக ஊரில் பிறந்தார். மரம் வெட்டுதலும் மர ஏற்றுமதியுமே அவ்வூரின் முதன்மைத் தொழில்கள். தந்தை ரேமண்ட் தச்சு வேலையும் வெல்டிங் வேலையும் செய்தவர். தாய் எல்ஃப்ரீட் ஜெர்மனியிலிருந்து வந்த தையற்கலைஞர்.

சிறிய உடல்வாகு கொண்ட ஸ்டீவுக்குப் பள்ளியின் கால்பந்து, கூடைப்பந்து அணிகளில் ஆட வாய்ப்பு அரிதாகவே கிடைத்தது. அதனால் நெடுந்தொலைவு ஓட்டத்தின் பக்கம் திரும்பினார். மார்ஷ்ஃபீல்ட் உயர்நிலைப் பள்ளியில் வால்ட் மெக்ளூர் அவருக்குப் பயிற்சியளித்தார். 1969-ல் இரண்டு மைல் தொலைவை 8 நிமிடம் 41.5 விநாடியில் கடந்து உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான தேசியச் சாதனையைப் படைத்தார்.

கல்லூரி ஓட்டங்கள்

பல பல்கலைக்கழகங்கள் அழைத்தபோதும், பயிற்சியாளர் பில் போவர்மனின் கீழ் ஓடுவதற்காக யூஜீன் நகரிலுள்ள ஓரிகன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். துணைப் பயிற்சியாளர் பில் டெலிஞ்சர் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் வென்றவர்.

கல்லூரிகளுக்கிடையிலான தேசியப் போட்டிகளில் 1970, 1971, 1973 ஆகிய ஆண்டுகளில் நாட்டுப்புற ஓட்டப் பட்டத்தை வென்றார். 1970 முதல் 1973 வரை மூன்று மைல் அல்லது 5,000 மீட்டர் ஓட்டத்தில் தொடர்ந்து நான்கு முறை முதலிடம் பெற்றார். பிறரைப் பின்தொடர்ந்து ஓடிக் கடைசிச் சுற்றில் முந்துவது அக்காலத்தில் பலரும் கையாண்ட உத்தி. பிரிஃபான்டைன் தொடக்கத்திலேயே முன்னணியில் நின்று வேகத்தைத் தானே தீர்மானித்தார். யூஜீனின் ஹேவர்ட் ஃபீல்ட் மைதானத்தில் ரசிகர்கள் 'பிரீ, பிரீ' என்று முழங்குவது வழக்கமானது.

ம்யூனிக் ஒலிம்பிக்

1972 ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் 5,000 மீட்டரை 13 நிமிடம் 22.8 விநாடியில் ஓடி அமெரிக்கச் சாதனை படைத்தார். ம்யூனிக்கில் இஸ்ரேலிய அணியினர் 11 பேர் கொல்லப்பட்ட துயரத்துக்குப் பின் நடந்த இறுதிப் போட்டி அது. முதல் இரண்டு மைல்கள் மெதுவாகக் கழிந்தன. கடைசி நான்கு சுற்றுகளில் பிரிஃபான்டைன் முன்னேறி வேகத்தைக் கூட்டினார். கடைசிச் சுற்றில் ஃபின்லாந்தின் லாஸ்ஸே விரேனும் துனிசியாவின் முகமது கம்மூதியும் அவரை முந்தினர். கோட்டை நெருங்கும்போது பிரிட்டனின் இயன் ஸ்டூவர்ட்டும் முந்த, 21 வயது பிரிஃபான்டைன் நான்காம் இடத்தோடு நின்றார்.

உரிமைப் போராட்டம்

அன்றைய விதிகளின்படி ஒலிம்பிக்கில் பங்கேற்கும் வீரர் ஓட்டத்தால் பணம் ஈட்டக்கூடாது. அமெரிக்கத் தடகளத்தை நிர்வகித்த அமெச்சூர் தடகள ஒன்றியம் (ஏஏயூ), வீரர் எந்தப் போட்டியில் ஓடலாம் என்பதையும் கட்டுப்படுத்தியது. கல்லூரிப் படிப்பு முடிந்ததும் உதவித்தொகையும் நின்றது. பிரிஃபான்டைன் டிரெய்லர் வீட்டில் வாழ்ந்தார். அரசின் உணவுச் சீட்டுகளைப் பெற்றார். மதுக்கூடத்தில் வேலை பார்த்தார். தொழில்முறை ஓட்டத்துக்கு வந்த பெருந்தொகையை, அடுத்த ஒலிம்பிக்கை எண்ணி மறுத்தார். ஏஏயூவை வெளிப்படையாக விமர்சித்ததோடு, 1975-ல் ஃபின்லாந்து வீரர்களை ஓரிகனுக்கு வரவழைத்துப் போட்டிகளைத் தாமே ஏற்பாடு செய்தார்.

மறைவு

அத்தொடரின் கடைசிப் போட்டி மே 29, 1975 அன்று ஹேவர்ட் ஃபீல்டில் நடந்தது. 5,000 மீட்டரில் பிரிஃபான்டைன் வென்றார். அன்றிரவு விருந்துக்குப் பின், ம்யூனிக் மாரத்தான் வெற்றியாளர் ஃபிராங்க் ஷார்ட்டரை அவர் தங்கியிருந்த இடத்தில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் கார் பாறையில் மோதிக் கவிழ்ந்தது. நள்ளிரவு கடந்திருந்த வேளையில் அங்கேயே உயிரிழந்தார். அவர் மது அருந்தியிருந்ததாகக் காவல்துறை கூறியது. விபத்தின் சூழல் குறித்து இன்றும் மாறுபட்ட கருத்துகள் உள்ளன.

வரலாற்று இடம்

1978-ல் நிறைவேறிய அமெச்சூர் விளையாட்டுச் சட்டம் ஏஏயூவின் ஏகபோகத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது. பிரிஃபான்டைன் எழுப்பிய குறைகள் பல வீரர்களுக்கும் பொதுவானவை. சட்டம் உருவாக அவர்கள் அனைவரின் அதிருப்தியும் பின்னணியாக இருந்தது. ஒலிம்பிக் பதக்கம் எதையும் பெறாத அவர் பெயரில் யூஜீனில் 'பிரிஃபான்டைன் கிளாசிக்' தடகளப் போட்டி நடத்தப்படுகிறது. விபத்து நடந்த பாறையருகே ஓட்டக்காரர்கள் தங்கள் காலணிகளையும் பதக்கங்களையும் வைத்துச் செல்கிறார்கள்.